பேரேடு எழுதும் பெட்டி

பாட்டுப் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. கூடவே அதற்குள் ஒரு கணக்கப்பிள்ளையும் குடியேறிவிட்டார். கணினியிலிருந்து ஒரே ஒரு கீர்த்தனையை ஏற்றிவிட்டுக் கம்பியைப் பிடுங்கினால் போதும், மனுஷர் பேரேட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உள்ளேயிருக்கும் அத்தனை பாட்டுக்களையும் மறுபடி முதலிலிருந்து தொட்டு, பெயர் என்ன, பாடியவர் யார் என்று விசாரித்து எழுதி முடிக்கும்வரை ஒரு ஸ்வரம்கூட வெளியே வராது. இவர் வேறு யாருமல்ல. பெட்டியோடு பிறந்த மென்பொருள். ஃபர்ம்வேர் என்பார்கள்.

காத்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கச்சேரி கலைந்துபோவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிவதை இவர் அகர வரிசையில் அடுக்கிவிடுகிறார். மங்களம் முந்திக்கொள்கிறது, வர்ணம் கடைசிப் பந்திக்குப் போய்விடுகிறது!

அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஒட்டியிருக்கும் சீட்டைத்தானே அவர் படிக்கிறார்? 1996-இல் எம்பி3 பாட்டுக்களுக்கென்று வகுத்த ஐடி3 சீட்டு மொத்தமே 128 பைட். பாட்டின் பெயருக்கு 30 ஆங்கில எழுத்துக்கள்தான் இடம். அதில் 80 இசை வகைகளுக்கு எண் கொடுத்தவர்கள் கர்நாடக இசையை மறந்துவிட்டார்கள். பின்னால் வந்த சீட்டுக்களில் இடம் தாராளம். ஆனாலும் ராகத்துக்கென்று தனிப் பத்தி கிடையாது.

ஆகவே வேறு வழி பார்த்தேன். கச்சேரிக்கு ஒரு ஃபோல்டர். பாட்டின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண். 'பாடகர்', 'ஆல்பம்' பக்கமே போகாமல் ஃபோல்டர் வழியாக நுழைந்தால் வரிசை குலையாது. புதிய பாட்டுக்களை மாதம் ஒருமுறை மொத்தமாக ஏற்றினேன். கணக்கும் மாதத்துக்கு ஒருமுறையோடு நின்றது. அதுவும் போதாமல் ராக்பாக்ஸைப் போட்டுக்கொண்டேன். ஆர்கோஸ் பெட்டியின் மென்பொருள் திருப்தியளிக்காததால், ஸ்வீடன் நாட்டு நிரலாளர்கள் சிலர் 2001-இல் தாங்களே எழுதத் தொடங்கிய இலவச ஃபர்ம்வேர் அது. பிறகு வேறு பல பெட்டிகளுக்கும் வந்தது. அதில் பேரேடு வேண்டுவோருக்கு உண்டு. வேண்டாதவர் நேரே ஃபோல்டரைத் திறந்து பாட்டைக் கேட்கலாம்.

பேரேடு பாட்டைத் தேடித் தரும், சரிதான். ஆனால் எதற்குப் பின் எது என்பதும் சங்கீதத்தைச் சேர்ந்ததல்லவா? அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் (1890–1967) செப்பனிட்டுக் கொடுத்த கச்சேரி முறை சும்மா வந்ததா? ராகம் தானம் பல்லவிக்கு முன்னால் துக்கடா வந்தால், இலை போடுமுன் தாம்பூலம் கொடுத்து அனுப்பியதுபோல் ஆகிவிடும். எண்ணுகிற வேலையைக் கணக்கப்பிள்ளை செய்யட்டும். வரிசை மட்டும் வித்வானுடையதாகவே இருக்கட்டும்.