அடிக்கப்பட்ட பெயர்கள்

எட்டாம் வகுப்பில் 800 மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். வயதுக்கு வந்ததும் அப்பா பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார்.

2006 தோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பிறகு செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். 2014இல் ஹார்மோன் அளவைச் சொல்லி டூட்டி சந்தை காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்காடினார், 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்திவைத்தது.

திருப்பூரில் என் மாணவி ஒருத்தி. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். "ஓட்டத்துக்குப் பேர் குடுக்கட்டுங்களா மேம்? வீட்ல வேண்டாங்கறாங்க" என்றாள்.

"குடு கண்ணு" என்றேன்.

அன்று என் பெயரை அடித்தபோது ஏனென்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவள் வீட்டுக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.