ஜோங்காவுக்கு ஒரு கூண்டு

சங்கத்து அன்பர்கள் நம்மைக் காணும்போதெல்லாம், "உங்கள் ஜோங்கா சௌக்கியமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வீட்டில் உள்ளவர்களை விசாரிப்பதற்கு முன் வண்டியை விசாரிக்கிறார்கள்! ஜபல்பூர்த் தமிழர்களுக்கு அந்த வண்டியின்மேல் அப்படி ஒரு பாசம். நம்மவர் பலர் வேலை தேடி இவ்வூருக்கு வந்தது பீரங்கி வண்டித் தொழிற்சாலைக்கும் வாகனத் தொழிற்சாலைக்குமாகத்தானே.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சொல். ராணுவத்துக்கென்று, ஜப்பானிய நிஸ்ஸான் கம்பெனியின் உரிமம் பெற்று, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செய்யப்பட்ட வண்டி இது. 'ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்டு கன்கேரேஜ் அசெம்பிளி' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஜோங்கா' என்று பெயரிட்டார்கள். ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அது பெட்ரோல் குடிக்கும் வேகத்தைக் கண்டால் குடும்பஸ்தன் மயங்கி விழுவான். எனினும் சேற்றிலும் மேட்டிலும் அதற்கு ஈடு அதுவேதான்.

நம் தந்தையார் 1972இல், இருபத்தொரு வயதில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து அத்தொழிற்சாலையில் சேர்ந்தவர். 1996இல் ராணுவம் ஏலத்தில் கழித்த ஜோங்கா ஒன்றை, சேமநிதியிலிருந்து கடன் எடுத்து வாங்கினார். அது 1974இல் செய்யப்பட்ட வண்டி. "இதில் என் கை பட்டிருக்கும்" என்பார். பட்டிருக்கலாம், பட்டதற்குச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் அந்த நம்பிக்கையை அசைக்க நம் வீட்டில் எவருக்கும் மனம் வந்ததில்லை. ஞாயிறுதோறும் காலையில் தம் கையால் அதைத் துடைத்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய் வருவார்.

இனி, கூண்டு விஷயத்துக்கு வருகிறோம்.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம். பரேலாவுக்கு அப்பால் நம் தம்பி குத்தகைக்கு எடுத்துப் பட்டாணி பயிரிடும் நிலத்துக்கு ஜோங்காவில் போயிருந்தோம். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவ்விடத்துக் கரிசல் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் கல், நனைந்தால் களி. தம்பி ஓட்டினான். வழி பார்த்துச் சொல்வதற்காக நாம் இறங்கி முன்னே நடந்தோம். நம் மகன், அப்போது அவனுக்கு வயது ஒன்பது, பின்புறப் பலகையில் உட்கார்ந்திருந்தான். வரப்பின் முடிவில் முள்வேலிப் படல் ஒன்று இருந்தது. "நான் திறக்கிறேன் சித்தப்பா" என்று குதித்து ஓடி வந்தான். அவன் படலைத் தொடுவதற்குள் பின்னால் ஒரு சத்தம். இடப்பக்கச் சக்கரங்கள் வரப்பைத் தின்றுகொண்டு உள்ளே இறங்க, வண்டி நிதானமாக, மிக நிதானமாகச் சாய்ந்து, பிறகு தலைகீழாகப் பள்ளத்தில் கவிழ்ந்தது. நடக்கிற வேகந்தான். அவ்வளவு மெதுவாக ஒரு வண்டி கவிழக்கூடும் என்று நாம் நினைத்ததே இல்லை.

மண் மெத்தென்று இருந்ததால் தம்பி பிழைத்தான்; வலக்கை எலும்பு முறிந்தது. வண்டியை நிமிர்த்திய பிறகு பார்த்தோம். முன் கண்ணாடிச் சட்டம் மடிந்து எஞ்சின் மூடியோடு ஒட்டியிருந்தது. கித்தான் கூரையைத் தாங்கும் வளைவுக் கம்பிகள் பின்புறப் பலகைமீது படுத்துக்கிடந்தன. பலகைக்கும் கம்பிக்கும் இடையே நம் உள்ளங்கை நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. அந்த இடத்தைப் பற்றி அன்று யாரும் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து இரவு படுத்த பிறகு, "இனி அந்த வண்டியில் குழந்தை ஏறக்கூடாதுங்க" என்று மட்டும் நம் இல்லாள் சொன்னாள்.

தம்பிக்கோ வண்டி இல்லாமல் வயல் வேலை நடக்காது. தந்தையாருக்கு வண்டியை விற்பது என்ற பேச்சே ஆகாது. ஆகவே 'ரோல் கேஜ்' என்று சொல்லப்படும் இரும்புக் கூண்டு ஒன்றை உள்ளே பொருத்துவது என்று முடிவாயிற்று. எந்தக் கூண்டு என்பதை நிச்சயிக்க எட்டு மாதம் ஆயிற்று.

முதலில், வண்டி அலங்காரச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். மாடிப்படிக் கைப்பிடிபோல் பளபளக்கும் எவர்சில்வர் குழாய்களால் ஆன கூண்டு தயாராகத் தொங்கியது. முகம் பார்க்கலாம்! தம்பிக்குப் பிடித்துவிட்டது. கையில் இருந்த அளவுகோலால் குழாயின் கனத்தை அளந்தோம்; ஒன்றேகால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஒன்றே முக்கால் டன் வண்டியைத் தாங்குமா என்று கேட்டோம். "பாபுஜி, இது போட்டோவுக்கு" என்று கடைக்காரர் உண்மையையே சொன்னார். அவருடைய யோக்கியதைக்கு நன்றி கூறி வெளியே வந்தோம்.

அடுத்தது வெல்டிங் மிஸ்திரி. தண்ணீர்க் குழாயில் கட்டித் தருகிறேன், ஒன்றரை அங்குலம், நீலக்கோடு போட்ட 'பி' கிளாஸ், யானை ஏறினாலும் வளையாது என்றார். பண்டகசாலைக் கணக்கு எழுதும் நமக்குத் தண்ணீர்க் குழாயின் சூட்சுமம் சிறிது தெரியும். ஒன்றரை அங்குலம் என்பது பெயரளவு, வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். மீட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். கனமாக இருப்பதால் உறுதி என்று தோன்றுவது இயல்பே. ஆனால் தண்ணீர் கொண்டு போவதற்காகச் செய்த குழாய் அது. நெடுக ஓர் இணைப்பு வரி ஓடுகிறது. வளைத்து நசுக்கும்போது அந்த வரியில் பிளந்துகொள்ளக்கூடும். மேல்பூச்சான துத்தநாகத்தைச் சுரண்டாமல் பற்றவைத்தால் பற்றும் சரியாக நிற்காது, எழும் புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். அன்றியும், வண்டி கவிழாமல் இருக்க வேண்டுமானால் பாரம் கீழே இருக்க வேண்டும். தலைக்கு மேல் வேண்டாத இரும்பை ஏற்றுவது, கவிழ்ந்தால் காப்பதற்காகக் கவிழ்வதை எளிதாக்குவது போலாகும்.

மோட்டார் பந்தயங்களுக்கான உலகச் சம்மேளனமாகிய எஃப்.ஐ.ஏ. வெளியிட்டுள்ள விதிகளைப் பிறகு தேடிப் படித்தோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்கு, அந்த ஆங்கிலத்தை அகராதியும் கையுமாகப் பதினைந்து இரவுகள் வாசிக்க வேண்டியிருந்தது. 'சீம்லெஸ்' என்று கடையில் சொல்லும் இணைப்பு வரியற்ற கார்பன் எஃகுக் குழாய்தான் வேண்டும். ஆசனத்துக்குப் பின்னே நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50க்கு 2. மற்ற உறுப்புகளுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. வளைக்கும்போது வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். முதன்மைக் குழாய் மீட்டருக்கு 2.6 கிலோதான், தண்ணீர்க் குழாயைவிட ஏறத்தாழ ஒரு கிலோ குறைவு.

குழாயைவிட முக்கியம், கூண்டின் கால்கள் எங்கே நிற்கின்றன என்பது. இதைத்தான் எந்தக் கடையிலும் யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்துப் பழைய தரைத் தகட்டின்மீது குழாயை நேரே நிறுத்தினால், வண்டி கவிழும்போது கூண்டு வளையாது. மாவில் விரல் இறங்குவதுபோல் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். கூண்டு முழுசாக இருக்கும், உள்ளே இருப்பவர் இரார். அதனால் ஒவ்வொரு முதன்மைக் காலின் கீழும் 3 மில்லிமீட்டர் கனத்தில் 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத பட்டைத் தகடு வைத்து, காலுக்கு மூன்று போல்ட்டுகளாவது போட வேண்டும் என்று விதி சொல்கிறது. ஜோங்காவின் உடல், ஏணிபோன்ற அடிச்சட்டத்தின்மேல் ரப்பர் கட்டைகளை வைத்து உட்கார வைக்கப்பட்டது. மேட்டில் ஏறும்போது சட்டம் முறுக்கும், உடல் வேறு விதமாக அசையும். கூண்டைச் சட்டத்தோடும் உடலோடும் ஒருசேர இறுகப் பிணைத்தால் சில மாதங்களில் எங்காவது வெடிப்பு விடும். ஆகவே கால்களை அந்த ரப்பர் கட்டைகளுக்கு நேர்மேலே நிறுத்தி, அடியில் ஒரு தகடு கொடுத்து, ரப்பர் இடையிட்டுச் சட்டத்தோடு கட்டுவது என்று மிஸ்திரியிடம் படம் வரைந்து காட்டினோம். அவர் அரை மணி பார்த்துவிட்டு, "இது வண்டி வேலை இல்லை, பாலம் வேலை" என்றார். ஆனால் மறுக்கவில்லை.

இன்னொன்று. அந்த விதிகளெல்லாம் தலைக்கவசம் அணிந்து, ஆசன வாரில் இறுகக் கட்டுண்டு இருப்பவருக்காக எழுதப்பட்டவை. வெறுந்தலையோடு, வாரும் இல்லாமல் கூண்டுக்குள் அமர்வது தகர டப்பாவில் போட்ட கோலிக்குண்டின் கதிதான். ரயிலில் திடீர் பிரேக் போடும்போது பெட்டி நம்மை அடிப்பதில்லை. மேல் பலகையிலிருந்து விழும் டிரங்குப் பெட்டிதான் அடிக்கிறது. பெரம்பூரில் 1955 முதல் செய்த பழைய பெட்டிகள் மோதினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் என்று, அதைத் தடுக்கும் இணைப்போடு எல்.எச்.பி. பெட்டிகள் வந்தன. அவற்றிலும் டிரங்குப் பெட்டியை நாம்தானே ஒழுங்காக வைக்க வேண்டும்? எனவே வார் இல்லையேல் கூண்டும் இல்லை என்று தீர்மானித்தோம். தலை படக்கூடிய குழாய்களுக்கெல்லாம் கடினமான மெத்தை உறை. பின்புறப் பலகைகளை அடியோடு கழற்றிவிடுவது. முதன்மை வளைவின் உச்சியிலிருந்து முன்வளைவின் உச்சிக்கு ஒரு கயிறு கட்டிப் பார்த்தோம். உட்கார்ந்திருப்பவர் தலை அதற்குக் கீழே அடங்கியது.

இவ்வளவும் ஆன பிறகுதான் உண்மையான தடை வந்தது, அது தந்தையார்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி செய்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டு, மூல வடிவிலேயே பேணப்பட்ட வண்டிக்குத் தனிப் பதிவும் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் கொண்ட பலகையும் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 2024 முடிந்ததும் அந்தப் பலகையை வாங்கி மாட்ட வேண்டும் என்பது தந்தையாரின் கனவு. அதற்காகவே எஞ்சினை டீசலுக்கு மாற்றாமல் காத்துவந்தார். கூண்டு போட்டால் மூல வடிவம் எங்கே? மேலும், தயாரிப்பாளர் செய்ததற்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, கூண்டோடு சாலையில் ஓட்டுவதற்கும் நமக்குத் துணிவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் சட்டத்தோடு கண்ணாமூச்சி ஆடலாமா?

"ஆறு கால், காலுக்கு மூன்று. பதினெட்டுத் துளை!" என்றார் தந்தையார். "அந்தத் தரையில் பதினெட்டுத் துளை போடப் போகிறீர்களா?"

நாம் பதில் சொல்லவில்லை. தம்பிதான், கட்டுப் பிரித்த கையை மெல்ல நீட்டி மடக்கிக்கொண்டே, "அப்பா, அன்று படல் திறந்திருந்தால்...?" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

இரண்டு நாள் அவர் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை கொட்டகையில் தட்டும் ஓசை கேட்டுப் போய்ப் பார்த்தோம். ரப்பர் விரிப்பைச் சுருட்டிவிட்டு, சாக்கட்டியால் தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ராணுவத்தார் கம்பியில்லாத் தந்திக் கருவியை மாட்டுவதற்காக எப்போதோ போட்ட துளைகள்! "இதில் நான்கு உங்களுக்கு உதவும். மற்ற பதினான்கையும் துருப்பிடிக்காமல் வர்ணம் பூசித்தான் போட வேண்டும். பற்றவைப்பு ஒன்றுகூட உடலில் படக்கூடாது; கழற்றினால் வண்டி பழையபடி இருக்க வேண்டும்" என்றார். பட்டைத் தகடுகளின் ஓரங்களை அவரே அரம் போட்டு மழுக்கினார். கூர்மையாக விட்டால் தரையை வெட்டும் என்பது நமக்குத் தோன்றவில்லை. தொழிற்சாலைக் கைக்குத் தோன்றியது.

2023 மார்ச்சில் கூண்டு ஏறியது. முதன்மை வளைவு, முன்வளைவு, பின்தாங்கிகள் இரண்டு, குறுக்கே ஒரு மூலைக் குழாய். குழாய், கூலி, வார், மெத்தை எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆயிற்று. கூட்டுறவுச் சங்கக் கடனில் இன்னும் சில தவணை பாக்கி இருக்கிறது. வண்டி இப்போது பரேலா நிலத்திலேயே நிற்கிறது. வேலியைத் தாண்டிச் சாலைக்கு வருவதில்லை. வரப்பில் ஏறும்போது தம்பி மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை அணிந்துகொள்கிறான். பட்டாணி பறிக்க வரும் பெண்கள் முதலில் சிரித்தார்கள்.

அம்மா சந்தைக்கு ஆட்டோவில் போகிறார். தந்தையார் ஞாயிறு காலையில் துணியும் எண்ணெய்க் குப்பியுமாகப் பரேலா பஸ் ஏறிவிடுவார். எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, உடலைத் துடைப்பார். கூண்டை மட்டும் துடைப்பதில்லை. அதை நம் மகன் துடைக்கிறான்.