மருதம் திரியுமோ?

தமிழ் ஆனர்ஸ் பயிலும் மாணவன் ஒருவன் வண்டல் மண்ணைப்பற்றி எழுதப் புகுந்தால், "இவனுக்கு இஃது ஏன்?" என நண்பர் நகைத்தல் கூடும். யாப்பையும் அணியையும் விடுத்துச் சேற்றில் இறங்கியது எற்றுக்கு என ஆசிரியப் பெருமக்களும் வினவக்கூடும். சென்ற கோடை விடுமுறையில் எம் தந்தையாரது வயலில் யாம் தோண்டிய மூன்றரை அடிக் குழி ஒன்றே இவ்விரு வினாவுக்கும் விடையாகும். அக்குழியினுள் யாம் கண்டதையும், அதனால் எம் நெஞ்சிற் பட்டதையும் ஈண்டு உரைக்கத் துணிந்தோம்.

எமது ஊர் கம்பம் பள்ளத்தாக்கிலே, உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் இடைப்பட்ட சிற்றூர். மேற்கே கேரள எல்லையாய் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். இவ்விரண்டு சுவர்களுக்கும் நடுவே தெற்கிருந்து வடகிழக்காகச் சாய்ந்து கிடப்பது எம் நிலம். அதன் நடுவே முல்லையாறு ஓடுகின்றது. பென்னிகுவிக் துரையின் முயற்சியால் 1895 ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே இறங்கி இவ்வாற்றிற் கலந்து வைகையை நோக்கிச் செல்லும். குறிஞ்சியையும் மருதத்தையும் நூல்களில் வெவ்வேறு இயல்களிற் படிக்கின்றோம். எம் ஊரிலோ வரப்பின்மேல் நின்று நிமிர்ந்து நோக்கினாற் குறிஞ்சி. குனிந்து நோக்கினால் மருதம்.

குறிஞ்சியே கரைந்து மருதமாயிற்று என்பதனை இக்கோடையிலேதான் யாம் உணர்ந்தோம். எம் மலைகள் சார்னோக்கைட்டும் நைசும் ஆகிய பழம்பாறைகளால் ஆயவை. கல்கத்தா நகரத்துத் தூய யோவான் ஆலயத்தில் உள்ள ஜாப் சார்னாக் என்பாரது கல்லறைக் கல்லை ஆராய்ந்து, ஹாலந்து என்னும் புவியியலறிஞர் 1893 இல் அப்பாறைக்கு அவர் பெயரையே சூட்டினார். அத்துணை வன்மையுடைய பாறையும் வெயிலாலும் மழையாலும் வேர்களாலும் பிளந்து, நொறுங்கி, நிறம் மாறி மண்ணாகின்றது. அம்மண்ணை மழைநீர் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும் கொண்டு சேர்க்கின்றது.

ஆறு தான் சுமந்து வருவதை ஒருங்கே கொட்டிவிடுவதில்லை. தரம் பிரித்தே வைக்கின்றது. மலைச்சரிவிற் பாய்ந்து வரும் வெள்ளம் சமநிலத்தை எய்தியதும் வேகம் தளரும். தளர்ந்த அளவிலே உருண்டைக் கற்கள் மலையடியில் விசிறிபோல் விரிந்து தங்கும். அடுத்துக் கூழாங்கல், பின்னர்ப் பருமணல், அதன்பின் குறுமணல். வெள்ளம் கரை கடந்து வயல்களிற் பரவி அயர்ந்து நிற்கும்போதே நுண்ணிய வண்டலும் களியும் படியும். 0.05 மில்லிமீட்டருக்கு மேற்பட்டு 2 மில்லிமீட்டர் வரை அமைந்த துகளை மணல் என்றும், அதற்குக் குறைந்து 0.002 மில்லிமீட்டர் வரை அமைந்ததை வண்டல் என்றும், அதனினும் நுண்ணியதைக் களி என்றும் மண்ணூலார் பகுப்பர். நுண்துகள் ஒன்றன் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், நீரினுள் அது வீழும் வேகம் நூற்றில் ஒன்றாகக் குறையும் என்பது 1851 இல் ஸ்டோக்ஸ் என்பார் வெளியிட்ட விதியால் விளங்கும். ஆதலின் மணல் நொடியில் விழும். களியோ நாட்கணக்கில் மிதக்கும்.

இதனாற் கரைக்கு அருகே பருமண் மிகுந்து நிலம் சற்றே மேடாகும். கரையினின்று விலக விலகக் களி மிகுந்து நிலம் தாழும். எம் ஊரார் எவரும் இவ்விதியைப் படித்தவரல்லர். எனினும் கரைமேட்டில் தென்னையும் வாழையும், உட்தாழ்வில் நெல்லும், நீர் தேங்காத மேட்டுப்புறத்தில் திராட்சையும் வைத்திருக்கின்றனர். நெல்லுக்கு நீரைப் பிடித்து வைக்கும் களி வேண்டும். கொடிக்கு நீரை விட்டுவிடும் மண் வேண்டும். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023 ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்ததை அன்பர்கள் அறிந்திருக்கலாம். அப்பழத்தின் சுவைக்கு மண்ணும் ஒரு காரணமன்றோ?

வண்டல் என்னும் சொல்லும் எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. நீரின் அடியிற் படிவதற்கு அது பெயர். சங்க நூல்களிலோ இளமகளிர் மணலிற் சிற்றிலும் பாவையும் சமைத்து ஆடும் ஆட்டத்துக்கும் அதுவே பெயர். எம் தங்கை சிறுமியாயிருந்தபோது முல்லையாற்றங்கரையில் ஈரமண்ணாற் பாவை செய்வாள். மறுநாள் நீர் வந்து அதனை அழித்துச் செல்லும். அவள் மீண்டும் செய்வாள். ஆறும் அவ்வாறே ஆடுகின்றது. ஓர் ஆண்டு வைத்ததை மற்றோர் ஆண்டு அழிக்கின்றது. அழித்ததைப் பிறிதோரிடத்தே வைக்கின்றது.

நிற்க. சென்ற கோடையில் யாம் வீடு சேர்ந்த மூன்றாம் நாள், செங்கற்சூளைக்கு மண் வாங்கும் தரகர் ஒருவர் எம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தார். மேலை வயலில் மூன்று அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துக்கொள்ள விலை பேசினார். "நிலம் உம்முடையதாகவே இருக்கும் ஐயா; மேலாக நாலு சட்டி மண்தானே போகும்? அடுத்த வெள்ளத்தில் ஆறே நிரப்பிக் கொடுத்துவிடும்" என்றார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. "நாளை வாரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எம் மூன்றாம் ஆண்டுக் கட்டணம் செலுத்தும் நாள் அணுகியிருந்தது என்பதை அப்போது யாம் எண்ணிப் பார்க்கவில்லை.

மாலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலை வயலுக்குச் சென்றோம். மூன்று அடி என்பது யாது என அறியவேண்டும் என்ற ஒரே எண்ணம். மேலே ஒன்றேகால் அடி, பழுப்பு நிறத்து வளமண். கையிற் பிசைந்தால் உருண்டையாகும், விரலால் நசுக்கினாற் பிளந்துவிடும். அதன்கீழ் ஒருவிரற் கனத்துக்குக் காக்காய்ப்பொன் மின்னும் மணல் வரி. ஒரு பெருவெள்ளத்தின் கையெழுத்து அது. அதன்கீழ் அரை முழத்துக்குக் கறுத்த களி. அதில் கரித்துண்டுகளும் மக்கிய வேர்களும் கிடந்தன. எக்காலத்தோ அதுவே மேல்நிலமாய் இருந்தது. எவரோ அதிலே தாள் எரித்தனர். பின்னர் ஆறு அதனை மூடிற்று. அதற்கும் கீழே சாம்பல் நிறத்து மண்ணில் துருப்போன்ற செம்புள்ளிகள். நீர் தேங்கிய காலத்து இரும்பு கரைந்து மண் வெளுக்கும். காற்றுப் புகுந்த வேர்த்துளை ஓரத்திலே அவ்விரும்பு துருவாய்ச் சிவக்கும். மூன்று அடியைக் கடந்ததும் மண்வெட்டி 'ணங்' என்றது. பருமணலும் கூழாங்கல்லும்! பழைய ஆற்றின் தரை.

பிற நிலங்களில் மேல்மண் கறுத்து, ஆழம் செல்லச் செல்லக் கருமை ஒழுங்காகக் குறையும். ஆற்றுநிலத்தில் அவ்வொழுங்கு இல்லை. ஆழத்திலும் கறுத்த அடுக்கு திடீரெனத் தோன்றும். இதனையே இம்மண்ணின் சிறப்பு அடையாளமாகக் கொண்டு, ஆறு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் 'ஃபுளூவென்ட்' என்று மண்ணூலார் பெயரிட்டுள்ளனர். இது வயதில் இளைய மண். ஆதலின் இதிலுள்ள கனிமங்கள் முற்றும் தேயாமல் இன்னும் சிறிது சிறிதாகப் பயிருக்குச் சாம்பற்சத்தை ஈகின்றன. ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கிச் சன்னலில் வைத்தோம். மணல் ஒரு நிமிடத்துள் அடியில் விழுந்தது. வண்டல் அதன்மேல் மெல்லப் படிந்தது. மறுநாட் காலையிலும் நீர் தெளியவில்லை. எம் வயலின் கதை முழுதும் அப்புட்டிக்குள் நடந்தது.

அதனைக் கண்டு நின்ற அப்பத்தா, "கீழை வயலிலும் போய்த் தோண்டிப் பார், ராசா" என்றார். சென்றோம். கீழை வயல் மேலை வயலினும் தொடையளவு தாழ்ந்து கிடந்தது. ஈராண்டுக்கு முன் யாம் கல்லூரியிற் சேர்ந்து விடுதிக்கு வந்தபின், அதனை நீர்ப்பாய்ச்சலுக்காகச் சமன் செய்ததாகத் தந்தையார் கூறியிருந்தார். யாமும் நம்பியிருந்தோம். ஒரு சாண் வெட்டுவதற்குள் மண்வெட்டி 'ணங்' என்றது. பாய்ச்சிய நீர் பொழுது சாய்வதற்குள் கல்லிடுக்கில் இறங்கி மறைந்திருந்தது. நாற்று மஞ்சளித்து நின்றது.

எம் முதலாண்டுக் கட்டணமும், விடுதிச் செலவும், தொல்காப்பிய உரைநூல்களும் அக்கீழை வயலே என்பதை அப்பத்தா அன்றிரவு சொல்ல அறிந்தோம்.

மறுநாள் தந்தையாரிடம் யாம் அறிந்ததையெல்லாம் கூறினோம். மணல்வரி, கறுத்த அடுக்கு, கூழாங்கல்லுக்கு மேல் எஞ்சும் அரைச்சாண் மண் யாவும் கூறினோம். வெள்ளம் நிரப்பும் என்ற தரகர் சொல்லையும் மறுத்தோம்: அணையின் பின்னே தேங்கும் நீர் தன் சுமையை அங்கேயே இறக்கிவிட்டு வருகின்றது, எம் பகுதியில் ஆற்றங்கரையையும் உயர்த்திவிட்டனர், முன்போல் வெள்ளம் வயலுக்குள் வருவதில்லை என்றோம். அவர் இடைமறியாது கேட்டார். பின்னர், "நீ ஒரு மாலையில் தோண்டிக் கண்டதை நான் முப்பது ஆண்டு ஏர்பிடித்துக் கண்டிருக்கிறேன், தம்பி. எது போகும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்" என்றார். அவர் குரலிற் சினம் இல்லை. யாம் கற்றவற்றுள் ஒன்றும் அப்போது எம் நாவில் எழவில்லை.

வேனிலின் வெம்மை மிக்க காலத்தே காடும் மலையும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்னும் செய்தியைச் சிலப்பதிகாரத்திற் கற்றுள்ளோம். மருதம் திரிந்தால் என்னாகும் என்று எந்நூலும் எமக்குக் கூறியதில்லை. கீழை வயலில் நின்றபோது கண்டோம். வான் பொய்க்கவில்லை, ஆறு வற்றவில்லை, வாய்க்காலில் நீர் சலசலத்து ஓடிற்று. ஆயினும் மருதம் திரிந்திருந்தது. திரித்தவர் பகைவரும் அல்லர்; எம்மை ஈன்ற தந்தையார். திரிந்தது எம்பொருட்டு.

அன்று மாலை தரகர் வந்தபோது, "அறுவடை கழியட்டும்" என்று தந்தையார் கூறியனுப்பினார். அஃது இசைவும் அன்று, மறுப்பும் அன்று. யாம் இப்போது மாலைதோறும் நகரத்துச் சிறுவர் சிலர்க்குத் தமிழும் கணக்கும் கற்பித்து, விடுதிச் செலவில் ஒரு பங்கை ஈட்டி வருகின்றோம். விடுமுறை முடியுமுன் கண்மாயில் வெட்டிய வண்டலைப் பன்னிரண்டு டிராக்டர்ச் சுமை கொணர்ந்து, தந்தையாரும் யாமும் தங்கையுமாகக் கீழை வயலிற் பரப்பினோம். பரப்பி முடித்து அளந்து பார்த்தபோது இருவிரற் கனமும் தேறவில்லை. அப்பத்தா வரப்பில் அமர்ந்து, "ஆறு நோகாமல் செய்த வேலை" என்று சொல்லிச் சிரித்தார். தங்கை கை நிறைய அவ்வண்டலை அள்ளிப் பிடித்து, பழைய நினைவினாற்போலும், வரப்பின்மேல் ஒரு பாவை செய்து வைத்தாள்.

உடன்பயிலும் நண்பர்களே! நம்மிற் பலர் உழவர் மக்கள். நம் கட்டணச் சீட்டில் தொகை எழுதப்பட்டிருக்கும். அத்தொகை எவ்வயலிலிருந்து எத்தனை அடி ஆழத்தினின்று வந்தது என்பது எழுதப்பட்டிராது. அடுத்த விடுமுறையில் இல்லம் சென்றால், ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டறிந்தபின் நூலை விரித்தால் அதன் கனம் வேறாக இருக்கும். எமக்கு அவ்வாறே இருக்கின்றது.