நிறம் ஏற்காத கலங்கள்

உடலிலிருந்து வெட்டியெடுத்த இழையத்தை மதுசாரத்திலும் சைலீனிலும் தோய்த்து, மெழுகிற் பதித்து, மெல்லிய சீவலாக்கிச் சாயமிட்ட பின்னரே நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கிறார்கள். அந்தத் தோய்ப்பிலே கலத்துக் கொழுப்புக் கரைந்துவிடும். கிளைக்கோசனோ வழக்கமான சாயத்தை ஏற்பதில்லை. ஆகவே சில கலங்கள் கண்ணாடிபோல் வெறுமையாய்த் தோன்றும். 'தெளிந்த கலம்' என்பது இதுவே. அது தோற்றத்தின் பெயர்; நோயின் பெயரன்று.

சதையியில் – தமிழ்நாட்டார் கணையம் என்பர் – இத்தகைய கட்டிகள் அரியவை. கண்டாலும் ஓரினத்தவை அல்ல. கிளைக்கோசன் நிறைந்த, தீங்கற்ற நீர்ப்பைக் கட்டியாகலாம். அதைப் பெரும்பாலும் வெட்டவே வேண்டியதில்லை. ஓமோன் சுரக்கும் கலங்களில் எழுந்ததாகலாம். சதையியில் 1996இல் முதன்முதல் விவரிக்கப்பட்ட 'சர்க்கரைக் கட்டி' ஆகலாம். அன்றி, சிறுநீரகப் புற்று பத்து, இருபது ஆண்டுகள் உறங்கியிருந்து குருதிவழி வந்து இறங்கியதாகவும் இருக்கலாம்.

மருதமுனைத் தறிகாரர் ஒருவரின் மகள், வாப்பாவின் அறிக்கையை நம்மிடம் கொணர்ந்தாள். "காக்கா, தெளிவு எண்டு போட்டிருக்கே, நல்லதுதானே?" என்றாள். முன்பு ஏதும் சத்திரசிகிச்சை நடந்ததா என்று மட்டும் நாம் கேட்டோம்.

"கிட்னி ஒண்டு எடுத்த. அது சுனாமிக்கு முந்தி. வயித்துக் கட்டிக்கும் அதுக்கும் என்ன?"

சம்பந்தம் முழுவதும் அதிலேதான் இருந்தது. 2001இல் தந்த அட்டை, 2004 டிசம்பர் 26 அன்று வீட்டோடு கடலிற் போய்விட்டது. கேட்கும் வைத்தியருக்குக் காட்ட ஒன்றுமில்லை. ஆகவே சொல்லவும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

மகள் போய்ச் சொன்னாள். மெழுகுக்கட்டியை மீண்டும் சீவி, பாக்ஸ்-8 முதலிய சிறப்புச் சாயங்கள் இட்டுப் பார்த்தார்கள். சிறுநீரகத்தின் புற்றே அது. சதையியிற் பிறக்கும் வழக்கமான புற்றைவிட இது மெல்ல நடப்பது, மருந்தும் வேறு. பெயர் மாறியதால் அவருடைய நாட்களின் கணக்கும் மாறியது.

இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலை காசு கேட்பதில்லை. நம் உழைப்பாளர் பெற்ற பெரும் பேறு அது. குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் கல்முனையிலிருந்து மகரகமைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரமும் நோயாளியின் வரலாறு ஒரு பொலித்தீன் பையிலேதான் பயணம் செய்கிறது. எந்த உறுப்பு, எந்த ஆண்டு, இழைய அறிக்கை என்ன – இம்மூன்று விவரமும் வைத்தியசாலைகள் தமக்குள் பகிரும் ஏட்டிலே நிலைத்திருக்க வேண்டும். அதுவரை, அட்டையின் பிரதி ஒன்றைக் கடலோரத்துக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.