கைவேலையும் காணிக்கைதான்

"காணிக்கைன்னா உண்டியல்லே போடறதுதானே?" என்பார்கள். செஞ்சியில், ராஜகிரிக் கோட்டை தெரிகிற தெருவில், தையல் மெஷினை நம்பிக் குடித்தனம் நடத்தும் எனக்கு உண்டியலில் போட அதிகம் மிஞ்சுவதில்லை.

மத்தேயு நற்செய்தியில் தாலந்து உவமை வருகிறதல்லவா? ஒரு தாலந்து வாங்கியவன் திருடவில்லை, ஊதாரித்தனமும் செய்யவில்லை; பத்திரமாகப் புதைத்துவைத்தான். அதற்குத்தான் அத்தனை திட்டு! அந்த ஒன்றுகூட அந்நாளில் பெருந்தொகைதான்.

கைவேலையைப் புதைக்காமல் கொடுத்தவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு. 1897-ல் பெல்ஜியத்திலிருந்து மேரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரீ முளகுமூட்டுக்கு வந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அப்போது திருவிதாங்கூர். அங்கே அனாதைப் பெண்களுக்குச் சோறு போட்டதோடு நிற்காமல் லேஸும் எம்பிராய்டரியும் கற்றுக்கொடுத்தார்கள்.

சோறு போடுவது சுலபம், சகோதரிகளே. தொழிலைக் கொடுப்பதுதான் வலிக்கும். கணவனை இழந்த ஒரு பெண் வந்து, "அக்கா, பிளவுஸ் வெட்டச் சொல்லித் தர்றீங்களா?" என்றாள். "உன் வாடிக்கையெல்லாம் அவகிட்டே போயிடும்" என்றார் என் வீட்டுக்காரர். நியாயமான பேச்சுதான். ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து, பழைய புடவைத் துணியை விரித்து ஆரம்பித்தோம்.

அவர் சொன்னபடியே மூன்று பேர் அவளிடம் போய்விட்டார்கள். தீபாவளிக்கு எனக்குத் துணி குறைவு. அவள் தவணையில் சொந்த மெஷின் வாங்கிவிட்டாள். கழுத்துக்குப் பைப்பிங் வைப்பதை மட்டும் இன்னும் சொல்லித்தரவில்லை. வருகிற ஞாயிறு அதையும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.