பந்தலுக்குள் பாக்

முதல் அரியர் விழுந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கம்பத்தில் எங்கள் திராட்சைப் பந்தலுக்குள் அப்பா கவாத்து பண்ணிக்கொண்டிருந்தார். சொல்லப் பயந்து, ஹெட்போன் மாட்டி ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ கேட்டபடி வரப்பில் உட்கார்ந்துட்டேன். ஒற்றை வயலினுக்காக ஜெர்மனியில் பாக் 1720-இல் கைப்பட எழுதிவைத்த இசை அது. 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பத்தில் அதோடு தன் இசையைப் பேசவிட்டிருப்பார் இளையராஜா. பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையான ஆல்பம்.

“என்னடா கேக்குற?”

அப்பா காதில் மாட்டிவிட்டேன்.

“பாட்டே வரலையே?”

“வராதுப்பா. முந்நூறு வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரர் மெட்டு. கூட நம்ம பண்ணைப்புரத்துக்காரர்.”

“ராஜாவா!” கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“ஒரு பேப்பர் போச்சுப்பா.”

ஹெட்போனை அவர் கழற்றவேயில்லை. கேட்டுச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.