ஆறக் கூடாத காயம்

குளுக்கோமாவில் கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்தும் ஒபரேஷனும்.

1968இல் கெயர்ன்ஸ் விவரித்த டிரபெகுலெக்டமியில், வெண்விழியில் சின்ன வாசல் வெட்டி, நீரை மேலே மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்குக் கீழே வடிய விடுவார்கள். ஆனா உடம்புக்கு அது வாசல்னு தெரியாது. காயம்னு நினைச்சு தழும்பு போட்டு அடைச்சிரும். அதைத் தடுக்கத்தான் மைட்டோமைசின் சி. புற்றுநோய்க்குக் கொடுக்கிற அதே மருந்து. 1983இல் தாய்வான் மருத்துவர் சென் குளுக்கோமாவுக்கு அதன் பயனை எழுதினார். மருந்தில் நனைத்த ஸ்பொஞ்சைச் சில நிமிடங்கள் வைத்து எடுத்து, நன்றாகக் கழுவிவிடுவார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. தழும்பு குறைந்த இடத்தில் சவ்வு மெலியும். நீர் கசியலாம், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம், வருசங்கள் கழிச்சும் கிருமி உள்ளே போகலாம். அதனால் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, அன்றைக்கே கண் டொக்டரிடம் போகணும்.

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் அந்த "அன்றைக்கே" லேசில்லை. மலைக்குப் போகாத நாள் பேர் இல்லை. கிளினிக் போக பஸ் காசும் வேணும், கூட ஒருத்தரும் வேணும். லயத்தில் நாங்க "காயம் ஆறிருச்சா?"ன்னுதான் விசாரிப்போம். இனி "கண் சிவந்திருக்கா? அடுத்த கிளினிக் எப்போ, யார் கூட வாறது?"ன்னு கேட்போம். கூடப் போக எங்களால் முடியும்.